தவளையின் பசியும் நமது கருணையும்



ஜீவகாருண்யம் என்னும் சொல் நமது ஆலயங்களில் அடிக்கடி ஒலிக்கும் சொல். பசித்த உயிருக்கு உணவளிப்பது தலையாய அறம் என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு கிடையாது. ஆனால் பசித்த உயிரின் உணவு இன்னோர் உயிராகவே இருந்துவிட்டால் அந்த அறம் நம்மை என்ன செய்யச் சொல்கிறது? இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்டவர் பண்டிதர் எவரும் அல்லர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள்தாம் கேட்டார்கள்.

தாமுவேயில் மழை பிடித்துவிட்டால் சாக்கடை ஓரங்களிலும் வீட்டுக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரிலும் தவளைச் சத்தம் தொடங்கிவிடும் என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரிந்ததே. சில வாரங்கள் போனால் விரல் நுனி அளவுள்ள குட்டித் தவளைகள் வாசற்படி வரை வந்துவிடும். அவற்றில் ஒன்றைப் பிள்ளைகள் பிடித்து ஊறுகாய் ஜாடியில் வைத்து வளர்க்க முற்பட்டார்கள். சோற்றுப் பருக்கை போட்டார்கள். பிஸ்கட் தூள் போட்டார்கள். வாழைப்பழத்தைக் கூட மசித்து வைத்தார்கள். தவளை எதையும் தொடவில்லை. எறும்பும் கொசுவும் பிடித்துப் போடலாம் என்றான் ஒரு பையன். அது பாவம் என்றாள் அவன் தங்கை. பூச்சியைக் கொடுத்தால் பூச்சிக்குப் பாவம், கொடுக்காவிட்டால் தவளைக்குப் பாவம், இதில் எது சரி என்று இருவரும் கேட்டார்கள். கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மிடம் வந்து கேட்டதனால், கணக்குப் பார்ப்பது போலவே இதைப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

தவளை ஏன் சோற்றைத் தொடவில்லை?

எந்தக் கணக்கையும் தொடங்கும் முன்னர், கையில் உள்ள பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். தவளை சோற்றைத் தொடாதது பிடிவாதத்தினால் அல்ல. 1959-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் லெட்வின், மத்துரானா, மெக்கல்லக், பிட்ஸ் ஆகிய நால்வர், தவளையின் கண் அதன் மூளைக்கு என்ன சொல்லி அனுப்புகிறது என்று ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தவளையின் பார்வை நரம்பில், சிறியதாகவும் கருமையாகவும் அசைந்துகொண்டும் இருக்கும் பொருள் எதிரே வந்தால் துடிக்கின்ற இழைகள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். நகரும் பூச்சிக்கு அந்த இழைகள் விழித்துக்கொள்கின்றன. அசையாமல் கிடக்கும் பூச்சி அதற்கு உணவாகத் தோன்றுவதில்லை. சுற்றிலும் உணவு குவிந்திருந்தாலும் அது அசையாவிட்டால் தவளை பட்டினியால் இறந்துபோகும். பூச்சியின் அளவில் பூச்சியைப் போல நகரும் எதன் மீதும் பாயும் என்று அவர்கள் எழுதியுள்ளார்கள்.

அப்படியானால் அந்த ஜாடிக்குள் சோறு இருந்தது நமது கண்ணுக்கு மட்டுமே. தவளையைப் பொறுத்தவரை அங்கே உணவு இல்லை. இது சிறிய விஷயம் போலத் தோன்றினாலும், பின்னால் நாம் சொல்லப்போகும் செய்திக்கு இதுவே ஆதாரம்.

"நேற்று வரை பாசி தின்றதுதானே, இன்று ஏன் தின்னாது?" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்விதான். தலைப்பிரட்டையாக இருந்தவரை அது பெரும்பாலும் பாசியைச் சுரண்டித் தின்று வாழ்ந்தது. ஏறத்தாழச் சைவம் என்றே சொல்லலாம். அதற்கேற்ப அதன் குடலும் நீண்டு சுருண்டிருந்தது. கால் முளைத்து வால் வற்றும் காலத்தில் அந்தக் குடல் சுருங்கிக் குட்டையாகிறது. வாயின் அமைப்பே மாறிவிடுகிறது. மாறுகின்ற அந்தச் சில நாட்களில் அது எதையும் உண்பதில்லை. வாலில் இருந்த சத்தே அதற்கு உணவாகிறது. வால் மறைந்தபின் அது வேறொரு பிராணி. பழைய உணவுக்கு இனி அதனால் திரும்பிப் போக முடியாது.

பிள்ளைகள் இன்னும் சிலவற்றைக் கவனித்துச் சொன்னார்கள். ஈயை விழுங்கியபோது தவளை மகிழ்ச்சியில் கண்ணை மூடிக்கொண்டதாம். உண்மையில், விழுங்கும்போது அதன் கண்கள் உட்பக்கம் இறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. தண்ணீர் வைத்தும் குடிக்கவில்லை என்று வருந்தினார்கள். தவளை வாயால் குடிப்பதில்லை. வயிற்றுத் தோல் வழியாகவே நீரை இழுத்துக்கொள்கிறது. ஆகையால்தான் சோப்பும் உப்பும் படிந்த கையால் அதைத் தொடக்கூடாது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் விடவும் கூடாது. விரலைக் காட்டினால் பாசத்தோடு ஓடி வருகிறது என்றார்கள். அசைவது எதுவானாலும் அது பாயும்; விரல் என்று அதற்குத் தெரியாது. பிள்ளைகளின் அன்பைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அன்பு செலுத்தும் இடத்தில் அறிவும் இருக்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

இரண்டு பழைய தீர்ப்புகள்

இனிக் கணக்குக்கு வருவோம். குட்டித் தவளை அன்றாடம் உண்ண வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து சிறு பூச்சி என்று குறைவாக வைத்தாலும் ஓராண்டுக்கு 1,825 பூச்சிகள். வளர்ந்தபின் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை உணவு போதும். ஆனால் இரை பெரிதாக இருக்க வேண்டும். நன்றாகப் பேணினால் தவளை பல ஆண்டுகள் வாழும் பிராணி. ஓர் உயிரைக் காப்பாற்றினோம் என்று வரவில் ஒன்று எழுதினால், பற்றில் ஆயிரக்கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது.

இந்தச் சிக்கலை வடலூர் இராமலிங்க அடிகளார் நேருக்கு நேர் எதிர்கொண்டிருக்கிறார். 1867-இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும்படி செய்தவர் அவர். பசியைப் போக்குவதே ஜீவகாருண்யத்தின் அடிப்படை என்று வலியுறுத்தியவரும் அவரே. ஆயினும், ஓர் உயிரைக் கொன்று மற்றோர் உயிரின் பசியை ஆற்றுவது ஜீவகாருண்யம் ஆகாது என்று தமது உரைநடை நூலில் அவர் தெளிவாகக் கூறிவிடுகிறார். இதன்படி பார்த்தால் தங்கை சொன்னதே சரி.

மறுபக்கம் சிபிச் சக்கரவர்த்தியின் கதை இருக்கிறது. சோழர்கள் தமது முன்னோர் என்று போற்றிய மன்னர் அவர். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவுக்கு அடைக்கலம் கொடுத்தார் என்பதை நாம் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். பருந்து பேசிய நியாயத்தைத்தான் பலரும் மறந்துவிடுகிறோம். புறாவைக் காப்பது அறம் என்றால், என்னையும் என் குஞ்சுகளையும் பட்டினி போடுவது எந்த அறம் என்று அது கேட்கிறது. சிபி அந்தக் கேள்வியைத் தள்ளிவிடவில்லை. பருந்தின் பசியும் பசிதான் என்று ஏற்றுக்கொண்டு, அந்தச் செலவைத் தம்முடைய கணக்கில் எழுதித் தமது சதையை அறுத்துக் கொடுத்தார். அவருடைய பெருமை அடைக்கலம் தந்ததில் மட்டும் இல்லை. விலையை வேறொருவர் தலையில் கட்டாததிலும் இருக்கிறது.

நாம் சிபி அல்லோம். அப்படியே துணிந்தாலும் நமது சதை ஜாடிக்குள் அசையாமல் கிடக்கும். தவளை அதைக் கண்டுகொள்ளப் போவதில்லை. தியாகம் கூட பெறுபவருக்குப் பொருந்துவதாக இருந்தால்தானே பயன்?

பூச்சி எத்தனை அறிவு உடையது?

பூச்சி சிற்றுயிர், தவளை அதைவிட உயர்ந்தது, ஆகவே பூச்சியைக் கொடுக்கலாம் என்று சிலர் கூறுவர். உயிர்களைத் தரம் பிரிப்பது தமிழர்க்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியல், புல்லும் மரமும் ஓர் அறிவு உடையவை என்று தொடங்கி, எறும்பை மூவறிவிலும், நண்டையும் தும்பியையும் நான்கறிவிலும் வைத்து, மனிதரை ஆறறிவில் வைக்கிறது. பிரிட்டனில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று முதுகெலும்புள்ள பிராணிகளோடு நண்டு, இறால், கணவாய் போன்றவற்றையும் உணர்வுள்ள உயிர்களாக ஏற்றுக்கொண்டது. பூச்சிகளை அதில் சேர்க்கவில்லை. இந்தக் கோடு எங்கே விழ வேண்டும் என்பதில் அறிஞர்கள் இன்னமும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் தரம் பிரித்தல் வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. எறும்புக்கு மூன்று அறிவு என்று சொன்ன நூல், ஆகையால் அதைக் கொல்லலாம் என்று சொல்லவில்லை. மேலும் இந்த விஷயத்தில் நம்மில் பலர் நேர்மையாக இருக்க வேண்டியுள்ளது. தாமுவே சந்தையில் மீன் வாங்கி வந்து குழம்பு வைக்கும் வீடுகளில் இருந்தே இந்தக் கேள்வி எழுந்துள்ளது. கொசுவுக்காக இரங்கும் பிள்ளை ஒருநாள் குழம்புச் சட்டியைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். அப்போது "சும்மா இரு" என்று அடக்காமல், நாம் வாழும் முறையை உள்ளபடி சொல்லும் துணிவு பெற்றோர்க்கு வேண்டும்.

கூட்டுத்தொகை ஒன்றுதானே?

சரி, தவளையை விட்டுவிடலாம் என்றால், அந்தப் பையன் கெட்டிக்காரத்தனமாக ஒன்று கேட்டான். விட்டுவிட்டாலும் அது வெளியே போய் அதே அளவு பூச்சிகளைத் தின்னத்தானே போகிறது? சாகிற பூச்சியின் எண்ணிக்கை மாறவில்லையே?

கணக்கர் என்ற முறையில் நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்: கூட்டுத்தொகை ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் கூட்டுத்தொகை பொருந்திவிட்டால் கணக்கு சரி என்று எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்திட மாட்டார். எந்தத் தலைப்பில், யார் பொறுப்பில் எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்ப்பார்.

வெளியில் ஒரு வெட்டுக்கிளியைத் தவளை குறிவைக்கும்போது வெட்டுக்கிளிக்குத் தாவ இடம் இருக்கிறது. பல முறை அது தப்பியும் போகிறது. தவளைக்கும் அப்படியே, பாம்பும் கொக்கும் அதைத் தேடுகின்றன, அதுவும் தாவித் தப்புகிறது. அங்கே தவளை உண்ணும் பூச்சி, வயலையும் வீட்டையும் காக்கும் பெரியதொரு ஒழுங்கின் பகுதியாகவும் இருக்கிறது. இந்தியா ஒரு காலத்தில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான டன் தவளைக் கால்களை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்துவந்தது. வயல்களில் தவளை குறைந்தால் பூச்சிகள் பெருகிப் பயிரும் பாழாகும், பூச்சிமருந்துச் செலவும் ஏறும் என்ற கவலை எழுந்தது. 1987-இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அந்நியச் செலாவணியை வரவு எழுதியவர்கள், எழுதாமல் விட்டிருந்த செலவைப் பின்னால் கண்டார்கள்.

ஜாடிக்குள் நிலைமை வேறு. அங்கே பூச்சிக்குச் சுவர்தான் உண்டு, வழி கிடையாது. இயற்கை செய்யாத ஒன்றை அங்கே நாம் செய்திருக்கிறோம்: தப்பிக்கும் வாய்ப்பை எடுத்துவிட்டோம். இறப்பின் எண்ணிக்கையைக் கூட்டாவிட்டாலும், இறப்பவரிடமிருந்து அதைப் பறித்தது நமது கை.

இதை நாம் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1942-இல் ஜப்பானியப் படை இந்நாட்டில் நுழைந்தபோது நமது முன்னோர் உட்பட இலட்சக்கணக்கான இந்தியர் அரக்கான் மலை வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தே போனார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். 1960-களில் கடைகளும் தொழில்களும் அரசுடைமையானபின் கப்பலேறியவர் பலர். 2021-க்குப் பிறகு சொந்த ஊரை விட்டு வந்து இந்தத் தாமுவேயில் ஒண்டியிருக்கும் எங்களைப் போன்ற குடும்பங்களும் உண்டு. நடந்த பாதை எவ்வளவு கொடியதாக இருந்தாலும், பாதை என்று ஒன்று இருந்தது. அதனால்தான் இதை எழுதுவதற்கு நாம் இருக்கிறோம். ஆபத்து எங்கும் உண்டு. ஆபத்தையும் எளியவரையும் ஒரே அறையில் வைத்துக் கதவைச் சாத்துவது மட்டும் வேறு வகையான செயல். ஓடி வந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

நல்லெண்ணம் போதுமா?

பர்மிய மொழியில் 'செடனா' என்ற சொல் அன்றாடம் வழங்குகிறது. பாலி மொழியின் 'சேதனா' என்பதிலிருந்து வந்தது அது. பாலியில் அதன் பொருள், செயலுக்குப் பின்னால் இருக்கும் எண்ணம் என்பதே. நமது பர்மிய அண்டை வீட்டார் அதை நல்லெண்ணம், பிறர்க்கு நன்மை நினைத்தல் என்ற பொருளில் சொல்கிறார்கள். பிள்ளைகளின் செடனாவில் குறையில்லை. ஆனால் எண்ணம் நல்லதாக இருந்தும், பெறுகிறவரைப் பற்றி அறியாமல் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சோற்றுப் பருக்கையின் முன் பட்டினி கிடந்த தவளையே சாட்சி.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இதுவும் பழக்கமான அனுபவம். நமக்கு உதவியவர்கள் யாவரும் நல்லவர்களே. சிலர் தம்மிடம் இருந்ததை அள்ளிக் கொடுத்தார்கள். எங்களோடு தங்கியிருந்த சைவப் பாட்டி ஒருவர், ஙப்பி கலந்த சோற்றுப் பொட்டலத்தைக் கும்பிட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பசியோடு உட்கார்ந்திருந்தார். வேறு சிலர் வந்து, வீட்டில் எத்தனை பேர், யாருக்குச் சர்க்கரை நோய், கைக்குழந்தைக்குப் பால்மாவு என்ன என்று கேட்டுவிட்டுப் போய் மறுநாள் கொண்டுவந்தார்கள். இரண்டும் தானமே. முதலாவதற்கு நாம் நன்றி சொன்னோம். இரண்டாவதில், நாங்கள் இன்னார் என்று ஒருவர் தெரிந்துகொண்டார் என்ற ஆறுதலும் சேர்ந்து கிடைத்தது.

ஆகையால் உணவளித்தல் என்பது இரண்டு செயல்கள் சேர்ந்தது என்று நமக்குத் தோன்றுகிறது: அறிதல் முதலாவது, கொடுத்தல் இரண்டாவது. முதலாவதை விட்டுவிட்டால் இரண்டாவது நமது மனத்திருப்திக்கு மட்டுமே பயன்படும்.

பகோடா வாசல்களில் கூண்டுப் பறவைகளை விலைக்கு வாங்கிப் பறக்கவிடும் ஜீவிததானத்தையும் இங்கே நினைக்க வேண்டும். விடுதலை செய்பவரின் எண்ணம் தூயது. ஆனால் விடுதலைக்கு விலை கிடைப்பதனாலேயே பறவை பிடிக்கப்படுகிறது என்ற உண்மையையும் கண் திறந்து பார்க்க வேண்டாமா?

பிள்ளைகளுக்கு நாம் சொன்ன பதில்

வாயால் கெடும் தவளையைப் பற்றியும் கிணற்றுத் தவளையைப் பற்றியும் பழமொழி சொல்லிப் பழகிய நாம், தவளையிடமிருந்து சிலவற்றைக் கற்றுக்கொள்ளவும் செய்யலாம். முடிவாக நமக்குத் தோன்றியவை இவை.

முதலாவது, ஆரோக்கியமாக உள்ள குட்டித் தவளையைப் பிடிக்க வேண்டாம். குனிந்து உட்கார்ந்து பாருங்கள். அது எப்படிக் காத்திருக்கிறது, எப்படிப் பாய்கிறது என்பதை ஜாடியைவிடச் சாக்கடை ஓரத்திலேயே நன்றாகப் பார்க்கலாம். சைக்கா சக்கரத்தில் நசுங்கிவிடுமே என்று அஞ்சினால், வழியிலிருந்து ஓரமாகத் தள்ளிவிட்டால் போதும்.

இரண்டாவது, பிடித்துவிட்டால் அன்றைக்கே, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். புண்ணியம் என்று எண்ணிக் கோயில் குளத்திலோ வேறு பேட்டையிலோ கொண்டுபோய் விட வேண்டாம். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்னும் பூஞ்சை நோயை அறிஞர்கள் 1998-இல் அடையாளம் கண்டார்கள். அந்நோயால் உலகெங்கும் குறைந்தது 501 நீர்நிலவாழ் உயிரினங்கள் நலிந்தன என்றும், அவற்றில் 90 இனங்கள் அழிந்தேபோயிருக்கலாம் என்றும் 2019-இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. பிராணிகளை மனிதர் இடம் விட்டு இடம் கொண்டுபோனதும் அந்நோய் பரவியதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது, காயம்பட்ட தவளையோ, வெளியே விடக்கூடாத அயல்நாட்டுத் தவளையோ உங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. அதை அடைத்து வைத்தவர் அதன் பசிக்கும் பொறுப்பாளி ஆகிறார். அப்போது அதற்கு உயிருள்ள பூச்சியைத்தான் கொடுக்க வேண்டும். அதன் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிய இரை கூடாது. நெடுநாள் வளர்ப்பதானால் எலும்பு மெலியாதிருக்கச் சுண்ணாம்புச் சத்துத் தூளும் தூவ வேண்டும். இதைக் கருணை என்று மட்டும் எழுதிக்கொள்ளாமல், செலவு என்றும் எழுதிக்கொள்ள வேண்டும். வள்ளலார் சொன்னபடி இது ஜீவகாருண்யம் ஆகாமல் போகலாம். ஆனால் ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பூச்சியின் பெயரைச் சொல்லித் தட்டிக்கழித்து, ஒன்றைப் பட்டினி போட்டுக் கொல்வது அதைவிடத் தாழ்ந்தது.

இந்த மூன்றையும் கேட்டபின் அந்தச் சிறுமி, "அப்படியென்றால் பிடிக்கும்போதே யோசித்திருக்க வேண்டும், இல்லையா மாமா?" என்றாள். நாம் இவ்வளவு பக்கத்தில் சொல்ல வந்ததை அவள் ஒரே வரியில் சொல்லிவிட்டாள். பெரும்பாலான தருமசங்கடங்கள் மூடியைத் திருகி மூடிய பிறகுதான் நமது கண்ணுக்குத் தெரிகின்றன. அதற்குப் பின் எதைச் செய்தாலும் யாருக்காவது நட்டம் வருகிறது. ஓர் உயிரை, அது தவளையாகட்டும், நமது வீட்டில் ஒதுங்க வந்த மனிதராகட்டும், நமது பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் முன்னரே அதற்கு எது உணவு, அதற்கு எது வழி என்று விசாரிப்பது நல்லது.

இது பற்றி வேறு கருத்துடைய அன்பர்கள் இருக்கக்கூடும். தமிழிலோ பர்மியத்திலோ எழுதி ஆலய அலுவலகத்தில் கொடுத்தால், அடுத்த இதழில் பிள்ளைகளும் படிக்கும்படி வெளியிட நமது சபையினரைக் கேட்டுக்கொள்கிறோம்.